இரண்டாவது திட்டம்

குடும்ப நண்பன் டெல்மர் இரண்டு விண்ணப்பத் தாள்களையும் சமையலறை மேசைமேல் பக்கத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு, நோரீன் ஊற்றிக் கொடுத்த காபியை உறிஞ்சினான். வாரம் முழுக்கத் துப்பாக்கி சுடச் சொல்லிக்கொடுக்கிறவன், சனிக்கிழமைகளில் துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கான ஒரு காப்பீட்டுத் திட்டத்துக்கு ஆள் சேர்க்கிறான். தற்காப்புக்காக யாரையாவது சுட்டுவிட்டால் வக்கீல், ஜாமீன், கோர்ட்டுச் செலவு எல்லாம் கம்பெனி பார்த்துக்கொள்ளும்.

"சுட்டதும் மொதல்ல போலீசுக்குப் போன் போடு. அடுத்தது இந்த நம்பரு. அப்புறம் வக்கீல் வர்ற வரைக்கும் நீ ஊமை. புரியுதா?"

"இவளா ஊமை? சவப்பெட்டியில வச்சு மூடினாலும் உள்ளேர்ந்து பேசுவா," என்றான் ராய்ஸ்.

நோரீனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புருஷன் இப்படிக் கிண்டல் செய்து மாதக்கணக்காகிறது. வாரத்தில் ஐந்து நாள் லாரியோடு அவன் மிசௌரியைத் தாண்டி எங்கோ இருப்பான். அவள் தனியாக இருப்பாள். அதற்காகத்தான் போன வசந்தத்தில் அவளுக்கென்று ஒரு கைத்துப்பாக்கி வாங்கிக் கட்டில் பக்கத்து இழுப்பறையில் வைத்தான். திட்டமும் அவள் பெயரில்தான்.

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்டாள்.

டெல்மர் தாளைப் பார்த்தபடியே சொன்னான். "மொதல் திட்டம் வெளியாளுங்களுக்கு மட்டும். குடும்பத்தாளைச் சுட்டா அவங்க கையை விரிச்சிருவாங்க. ரெண்டாவதுல அதுவும் சேர்த்தி."

"ரெண்டாவதையே போடு," என்றான் ராய்ஸ்.

யாரும் பெயரைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. போன வசந்தத்தில் அவர்கள் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலிருந்த ஜன்னல் வழியாகப் புகுந்து, அவளுடைய தையல் மெஷினையும் ராய்ஸின் அப்பா வைத்திருந்த வேட்டைத் துப்பாக்கியையும் தூக்கிக்கொண்டு போனவன் அவர்கள் மகன் கோல்பிதான். இருபத்தாறு வயது. போதை மாத்திரைப் பழக்கம் அவனை உருத்தெரியாமல் ஆக்கியிருந்தது. அன்றைக்கே ராய்ஸ் அந்த ஜன்னலில் மூன்று ஆணி அடித்துவிட்டான்.

அதே ஜன்னல்தான். பள்ளிக்கூடம் போகிற வயதில் கோல்பி வெள்ளிக்கிழமை ராத்திரிகளில் பள்ளி ஆட்டம் பார்த்துவிட்டு நேரம் கழித்து வருவான். ராய்ஸ் பத்து மணி அடித்தால் கதவைப் பூட்டிவிடுவான், பேச்சே கிடையாது. ஜன்னல் விளிம்பில் அவள் பீட்ரூட் ஊறுகாய்ப் பாட்டில்களை வரிசையாக அடுக்கியிருப்பாள். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் நடுவிலிருக்கும் நாலு பாட்டிலை எடுத்துக் கீழே வைத்துவிடுவாள், ஓர் ஒல்லிப் பையன் நுழைகிற அளவுக்கு. காலையில் எழுந்து பார்த்தால் நாலும் பழைய இடத்தில் இருக்கும். அதைப் பற்றி அம்மாவும் பிள்ளையும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. எவ்வளவு நல்ல வெள்ளிக்கிழமைகள் அவை!

"மொத மான் சுட்டப்போ, வேட்டைக்காரங்க வழக்கப்படி நான்தான் அவன் கன்னத்துல அதோட ரத்தத்தைத் தடவினேன்," என்றான் டெல்மர் திடீரென்று. "ரெண்டு நாள் மூஞ்சியே கழுவல, படவா. சர்ச்சுக்கே அதோட வந்தான்."

"எழுது டெல்மர்," என்றான் ராய்ஸ். பிறகு அவள் பக்கம் திரும்பினான். "அவன் இப்ப அந்தப் பையன் இல்ல நோரீன். மாத்திரை கெடைக்காத அன்னிக்கு அவன் என்ன செய்வான்னு அவனுக்கே தெரியாது. நான் எங்கியோ ரோட்டுல இருப்பேன். உனக்கு ஒண்ணு ஆயிட்டா நான் என்ன பண்ணுவேன், சொல்லு?"

அவனைக் கோபித்துக்கொள்ள அவளால் முடியவில்லை. அவன் பயப்படுவதில் நியாயம் இருந்தது.

"அந்த ஜன்னல் கிறீச்சுனு கத்தும், ஞாபகம் இருக்கா?" என்றாள். "ஒரு வெள்ளிக்கிழமை நீ எண்ணெய் டப்பாவோட அது பக்கத்துல நின்னதை நான் பார்த்தேன். எதுக்குன்னு நான் கேக்கல."

ராய்ஸ் காபிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தான்.

நோரீன் முதல் தாளைத் தன் பக்கம் இழுத்துக் கையெழுத்துப் போட்டாள். "வெளியாளு வந்தா வக்கீல் வரட்டும். எம் புள்ளையைச் சுட்டுட்டு நான் தப்பிச்சு எங்க போகப்போறேன்?"

டெல்மர் இரண்டாவது தாளை மடித்துப் பைக்குள் வைத்தான். அதன்பின் அவர்கள் மழையைப் பற்றிப் பேசினார்கள்.

திங்கட்கிழமை காலை ராய்ஸின் லாரி மேட்டைத் தாண்டி மறைந்ததும் அவள் கொட்டகையிலிருந்து ஆணி பிடுங்கும் சுத்தியலை எடுத்து வந்தாள். பாட்டில்களை ஒவ்வொன்றாக நகர்த்தி ஜன்னல் சட்டத்தைத் தடவிப் பார்த்தாள். ஆணிகள் இல்லை. மூன்று சின்ன ஓட்டைகள் மட்டும் இருந்தன. ஒரு விரலால் மேல்நோக்கித் தள்ளினாள். சத்தமே இல்லாமல் ஜன்னல் மேலே ஏறியது, விரலில் எண்ணெய் பிசுபிசுத்தது.

நடுவிலிருந்த நாலு பாட்டில்களை எடுத்துக் கீழே வைத்தாள்.