காலையில் சொன்னவன்

…இரண்டில் மெலிந்த கடிகாரம்தான் நல்லது, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நினைத்தார் வாட்ச் மெக்கானிக், தினமும் சாவி கொடுக்க வேண்டும், அவ்வளவுதான், கட்டினால் சட்டைக் கைக்குள் இருக்கிற இடம் தெரியாது, மற்றது கையை ஆட்டினாலே ஓடுகிற ஆட்டோமேட்டிக், ஆனால் தடிமன், கோட்டுக் கையில் இடிக்கும்… எதிரே டீச்சரம்மா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார், இரண்டும் காலமான கணவருடையவை, மாப்பிள்ளைக்கு எதைக் கொடுப்பது என்று கேட்கிறார், பார்த்த உடனே சொல்லிவிடலாமே, என் புத்தி ஒன்றும் மழுங்கிவிடவில்லை, என் மகள்தான் அப்படிச் சொல்லிக்கொண்டு திரிகிறாள், எதிர்வரிசை மருந்துக் கடையில் வேலை பார்த்துக்கொண்டே கண்ணை இங்கே வைத்திருக்கிறாள், "இன்னொருத்தர் வந்து புகார் சொல்லட்டும்பா, கடையப் பூட்டிடுவேன்"… பூட்டுவாளாம், இந்த நாற்காலி இல்லாவிட்டால் நான் யார்?

சரி, எதற்கும் திறந்து பார்த்துவிடுவோம், தடித்ததன் பின்மூடி லேசாகச் சுழன்றது, இவ்வளவு லேசாகவா, உள்ளே பேலன்ஸ் வீல் பதறாமல் ஆடுகிறது, புது எண்ணெய், அளவாக வைத்திருக்கிறான் எவனோ, கெட்டிக்காரன்… திறந்த கடிகாரத்தின் மூடிக்குள் தேதியைக் கீறாமல் அவர் மூடியதே இல்லை, ஊசியை எடுத்து மூடியைக் கவிழ்த்தார், ஏற்கனவே அங்கே ஒரு தேதி, பளபளவென்று, இருபத்தேழு, நடுவில் கோடு போட்ட ஏழு, அவருடைய ஏழு… இன்று என்ன தேதி? சுவர்க் காலண்டரும் இருபத்தேழு என்றது, மாதமும் அதே, வருஷமும் அதே. மெலிந்ததையும் திறந்தார். அதிலும் இருந்தது. காலையில் கடை திறந்தேன், பெருக்கினேன், பிறகு… பிறகு டீச்சரம்மா ஸ்டூலில் இருந்தார், நடுவில் இங்கே உட்கார்ந்திருந்தது யார்?

"மெலிசானதையே குடுங்கம்மா," என்றார், இரண்டு மூடிகளையும் அவசரமாக மூடிக்கொண்டே.

"காலைல மத்ததச் சொன்னீங்களே அண்ணே," என்றார் டீச்சரம்மா தயங்கி. "எதுக்கும் இன்னொரு தரம் கேட்டுக்கலாம்னுதான் வந்தேன். யோசிச்சு வைங்க, எதிர்ல மாத்திரை வாங்கிட்டு வந்துடறேன்."

தெருவைக் கடக்கிறார், மகள் நிமிர்கிறாள், சொல்லிவிடுவாரோ, பேச்சுவாக்கில் வந்துவிடுமோ… இரண்டு கடிகாரங்களையும் மாற்றி மாற்றிக் காதில் வைத்தார், தடித்தது சீராக ஓடுகிறது, மெலிந்ததில் எங்கோ ஒரு துடிப்பு பிசகுகிறது, அட, காலையில் சொன்னவன் சொன்னதுதான் சரி, அவனுக்குக் காது கேட்கிறது, கை நடுங்கவில்லை, வேலை சுத்தம், இதோ டீச்சரம்மா இந்தப் பக்கம் கை காட்டி என்னவோ சொல்கிறார், மகள் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு இறங்குகிறாள், வருகிறாள், வந்து கடையைப் பூட்டினால் வெளியே போக வேண்டியது நானா, அவனா…