விழுந்தவர்களுக்கான படிக்கட்டு

போர்க்காலத் தடுப்பு முகாமில் இருந்தவர்களில் பாதிப்பேர் படியில் விழுந்துதான் காயப்பட்டார்கள் என்று அரசாங்கப் பதிவு சொல்லிற்று. முகாமில் படியே கிடையாது. ஓடு போட்ட ஒற்றைத் தளக் கட்டடம் அது. கணக்காய்வுக்கு வந்தவர்கள் இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஆகவே படிக்கட்டு கட்டும் வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது.

அரசாங்கம் பொய் சொல்லாது, பாருங்கள். கொஞ்சம் பிந்திக் கட்டும், அவ்வளவுதான்.

முகாம் இப்போது பதிவுக் கந்தோர், பழைய கோப்புகளை வைத்திருக்கும் அலுவலகம். தவமலர் அங்கே போனது தம்பி குலேந்திரனுக்காக. பிடித்துக்கொண்டு போனவர்கள் அவனைத் திருப்பி அனுப்பவில்லை. இந்த முகாமுக்குள் வைத்து அவனுக்கு என்ன செய்தார்கள் என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

பொறுப்பாளர் அருளையா கோப்பைத் திறந்து வாசித்தார்.

“படியிலை விழுந்தவர்.”

“எந்தப் படியிலை?”

“கடைசிக்கு முதல் படி.”

“நான் அதைப் பாக்கலாமோ?”

அருளையா யோசித்தார். வருகிறவர்கள் அழுவார்கள், கையெழுத்து வைப்பார்கள், போவார்கள். படியைப் பார்க்க வேண்டுமென்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. தவமலரோ சின்ன வயதிலேயே வீட்டு மணிக்கூட்டைக் கழற்றிப் பார்த்து அப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள்.

“பாருங்கோ. சீமெந்து காயேல்லை, கவனமா மிதியுங்கோ.”

படிக்கட்டு முற்றத்தின் நடுவில் தனியாக நின்றது. எந்த மாடிக்கும் அது போகவில்லை. உச்சியில் மேசன் சிவபாதம் அடுத்த படிக்குச் சாந்து பூசிக்கொண்டிருந்தார். தவமலர் ஏறிக்கொண்டே கேட்டாள்.

“எவ்வளவு உயரத்துக்குக் கட்டப்போறியள், அண்ணை?”

“பதிவிலை இருக்கிற காயத்தைப் பொறுத்தது, தங்கச்சி. கால் முறிவுக்கு இவ்வளவு காணும். விலா எலும்புக்கு இன்னும் மேலை போகோணும்.”

“பிறகு முடிஞ்சுதோ?”

“எங்கை! நகம் போன ஆக்களும் இருக்கினம். நகம் போற மாதிரி எப்பிடிப் படி கட்டிறது எண்டு எஞ்சினியருக்கே விளங்கேல்லை.”

அது நியாயமான சிக்கல்தான் என்று தவமலருக்குப் பட்டது. ஏற ஏற முற்றம் சுருங்கிக்கொண்டே போயிற்று. காகங்கள் அவளுக்குக் கீழே பறந்தன.

கடைசிக்கு முதல் படியில், சிவபாதத்துக்கு ஒரு படி கீழே, குலேந்திரன் இருந்தான். பிடித்துக்கொண்டு போன அன்று போட்டிருந்த அதே நீலச் சேட்டு.

“அக்கா, நீ ஏன் வந்தனீ?”

“நீ விழுந்திட்டாய் எண்டு எழுதியிருக்கு.”

“இன்னும் விழேல்லை. படி முடியட்டும் எண்டு இருத்தி வைச்சிருக்கினம்.”

அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்தாள். கை சூடாக இருந்தது. அவளுக்குச் சந்தோஷத்தில் வாய் கோணிப்போயிற்று. கூடவே பயமும் வந்தது.

“விழாதை. உள்ளுக்கை என்ன நடந்தது? எனக்குச் சொல்லு.”

“முதல்லை கண்ணைக் கட்டினாங்கள்,” என்றான் குலேந்திரன்.

படிக்கட்டில் ஒரு படி குறைந்தது. அவர்கள் அந்த அளவுக்குக் கீழே வந்தார்கள்.

“உடுப்பைக் கழட்டினாங்கள்.”

இன்னொரு படி போயிற்று. சாந்தில் தண்ணீர் கூடிவிட்டதாக்கும் என்று சிவபாதம் நினைத்தார். குலேந்திரன் கையை எங்கே கட்டினார்கள் என்று சொன்னான். எதால் அடித்தார்கள், யார் அடித்தது, யார் பக்கத்தில் நின்று எழுதியது என்றெல்லாம் சொன்னான். தவமலர் இடையில் கேள்வி கேட்டாள். அவனும் விபரமாகவே மறுமொழி சொன்னான். படிகள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டே இருந்தன. ஒருவரும் விழவில்லை.

சற்று நேரத்தில் மூவரும் முற்றத்து மண்ணில் இருந்தார்கள். சிவபாதம் சாந்துக் கரண்டியைத் துடைத்துப் பையில் வைத்தார்.

அருளையா கோப்போடு ஓடிவந்தார்.

“படி எங்கை?”

குலேந்திரன் அவரைப் பார்க்கவில்லை. அவன் அடுத்ததைச் சொன்னான். முற்றம் கீழே இறங்கிற்று. இன்னொன்றைச் சொன்னான். கந்தோரும் மேசைகளும் அலுமாரிகளும் சேர்ந்து இறங்கின. சுற்றிவர மண்சுவர் எழும்பியது. வானம் ஒரு வாளியளவுக்கு வந்துவிட்டது. அருளையா தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

“தம்பி, காணும். படியும் முடிஞ்சுது. இனி நிப்பாட்டும்.”

“இது முதல் நாள்தான், ஐயா,” என்றான் குலேந்திரன்.

“நீ சொல்லு,” என்றாள் தவமலர்.