ஏழு வினாடிக் கருத்து

தேர்தல் என்று ஒன்று வந்தால் போதும், லண்டனிலிருந்து கேமராவைத் தூக்கிக்கொண்டு நேராக எங்கள் சந்தைக்கூடத்துக்கு வந்துவிடுவார்கள். மூடிக் கிடக்கும் பிரசவ வார்டு பக்கம் போகமாட்டார்கள். மாலை ஆறு மணிக்குமேல் பஸ் வராத பஸ் நிறுத்தத்தில் போய் நிற்கமாட்டார்கள். சந்தைதான் வேண்டும். தட்டைத் தொப்பி போட்ட இரண்டு கிழவர்கள், இறைச்சிக்கடை, சீஸ் கடை, அதன் பின்னால் ஏப்ரன் கட்டிய ஒரு பெண்பிள்ளை. 'சாதாரண மக்கள்' என்று அவர்கள் மனதில் ஒரு படம் இருக்கிறது. அதற்குள் நாங்கள் போய் நிற்கவேண்டும்.

ஏப்ரன் கட்டிய அந்தப் பெண்பிள்ளை நான்தான். பெயர் லோர்னா. ஹேதர்க்லஃப் சந்தையில் இருபத்தாறு வருடமாகச் சீஸ் விற்கிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று ஊரே சொல்லும், நானும் மறுப்பதில்லை. எதிர்க் கடை பத்தொன்பது வருடமாக ரிஃபத்துடையது. திரைச்சீலைத் துணி, மெத்தை உறைத் துணி விற்கிறாள். அவள் அப்பா பாகிஸ்தானிலிருந்து பஞ்சாலை வேலைக்கு வந்தவர். அவள் பிறந்தது நான் படித்த பள்ளிக்கூடத்துக்குப் பின்தெருவில். நான் பரம்பரையாகச் சிவப்புக் கட்சி, அவள் நீலக் கட்சி. கடைக்காரிக்கு வரியைக் குறைக்கிறவன்தான் சொந்தக்காரன் என்பாள். கடை திறந்ததும் ஆரம்பிக்கும் சண்டை, மூடும்வரை நடக்கும். பிரதமர் மாறுவார், சண்டை மாறாது. நடுவில் வாங்க வந்தவர்கள் பொறுமையாக நின்று இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு, கால் கிலோ சீஸ் வாங்கிக்கொண்டு போவார்கள்.

எங்கள் எம்.பி. பாதியில் ராஜினாமா செய்ததால் இந்த வருடம் இடைத்தேர்தல் வந்தது. அதோடு டிவி நிருபர் டோபியும் வந்தான். நல்ல கோட்டு, நல்ல பல்வரிசை. ஊருக்கு வெளியே ஒரு பழைய ஹோட்டலில் அரசாங்கம் அகதிகளைத் தங்கவைத்திருந்தது. அதைப் பற்றித்தான் கேட்டான், விதவிதமாகத் திருப்பித் திருப்பிக் கேட்டான். அவனுக்கு என்ன வேண்டும் என்று எனக்குப் புரிந்துவிட்டது. வாய் சும்மா இருக்குமா?

"நான் என்ன சொல்லணும்னு நீங்க காத்துக்கிட்டு நிக்கிறீங்கன்னு தெரியும் தம்பி," என்றேன். "வெளியிலேருந்து வந்தவங்களாலதான் எங்க ஊரு நாசமாப் போச்சு. அதானே? அதை என் வாயிலேருந்து கேக்கவே மாட்டீங்க. பஸ்ஸை நிறுத்தினது அவங்க இல்ல. பிரசவ வார்டை மூடினதும் அவங்க இல்ல. அதெல்லாம் செஞ்சவங்க உங்க ஊர்லதான் இருக்காங்க, அவங்ககிட்ட போய் மைக்கை நீட்டுங்க."

பக்கத்துக் கறிக்கடை டெரிக் கைதட்டினான். டோபி சிரித்துக்கொண்டே நன்றி சொன்னான். அன்று செவ்வாய்க்கிழமை. மாலைச் செய்தியில் நான் வந்தேன், ஏழே வினாடி. பெரிய எழுத்தில் 'லோர்னா, சீஸ் வியாபாரி'. அதற்கு மேலே என் முகம். அந்த முகம் நிதானமாகச் சொன்னது: "வெளியிலேருந்து வந்தவங்களாலதான் எங்க ஊரு நாசமாப் போச்சு." அவ்வளவுதான். அடுத்து காய்கறிக் கடைக்காரர் வந்துவிட்டார்.

அவர்கள் பொய் சொல்லவில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். சொன்னது என் வாய்தான், என் குரல்தான். முன்னால் ஒரு வாக்கியம், பின்னால் நான்கைந்து வாக்கியம், சத்தமில்லாமல் வெட்டி எறிந்துவிட்டார்கள். நானும் வெட்டிப் பிழைக்கிறவள்தான். ஆனால் நான் வாங்குகிறவர் கண் முன்னால் வெட்டித் தராசில் வைக்கிறேன்.

மறுநாள் காலை ரிஃபத் எனக்கு முன்பே வந்திருந்தாள். என் கடையைப் பார்த்த பக்கத்தில் ஒரு கம்பி கட்டி, பழுப்பு நிறத் திரைச்சீலை ஒன்றை மேலிருந்து கீழ்வரை தொங்கவிட்டிருந்தாள். விலைச்சீட்டுகூட இல்லை அதில். பத்தொன்பது வருடத்தில் முதல்முறையாக எனக்கு அவள் முகம் தெரியவில்லை.

அன்று முழுக்க முன்பின் தெரியாதவர்கள் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். சரியாகச் சொன்னீர்கள், யாருக்கும் இல்லாத தைரியம் உங்களுக்கு என்றார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை என்று ஆரம்பித்தால், புரிகிறது புரிகிறது என்று கண்ணடித்தார்கள். ஒருவர் பத்து மைல் தாண்டி வந்து வண்டிச்சக்கரம் மாதிரி ஒரு முழுக் கட்டி செஷயர் சீஸ் கேட்டார். விற்கமாட்டேன் என்று சொல்லி அனுப்பினேன். டெரிக் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

அப்போதே முடிவு செய்துவிட்டேன். வெட்டியதை அவர்கள் வாயாலேயே ஒட்டவைக்காமல் விடுவதில்லை. ரிஃபத் அதைத் தன் கண்ணால் பார்க்கவேண்டும்.

சேனலுக்குப் போன் செய்தேன். காத்திருக்கச் சொல்லி நாற்பது நிமிடம் பியானோ கேட்கவைத்தார்கள். பிறகு ஒரு பெண் வந்து படிவம் நிரப்பச் சொன்னாள். நிரப்பினேன். நான்கு கடிதம் எழுதினேன், ஒவ்வொன்றும் முந்தியதைவிடச் சூடாக. நான்காவதற்குப் பதில் வந்தது. என் கருத்தின் சாரத்தை நியாயமாகவே காட்டியிருப்பதாக அவர்கள் திருப்தி அடைகிறார்களாம். மேல்முறையீட்டுக்கு இருபது வேலை நாள் ஆகுமாம். உள்ளூர்ப் பத்திரிகைக்கு ஓடினேன். ஆசிரியர் இப்போது அறுபது மைல் தள்ளி இருக்கிறார், ஒன்பது ஊர்ப் பத்திரிகைக்கும் அவர் ஒருவர்தான். அவரும் படிவம் அனுப்பினார்.

இதற்கிடையில் திரைச்சீலை அசையவே இல்லை. நான் ஒவ்வொரு கடிதத்தையும் எழுதி முடித்து அந்தப் பக்கம் பார்ப்பேன். பொறு, முழுசாகக் கொண்டுவந்து உன் முன்னால் போடுகிறேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன். வெறுங்கையோடு போய் நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது. அதோடு கொஞ்சம் கோபமும். இத்தனை வருடப் பழக்கத்தில் என்னைத் தெரியாதா அவளுக்கு?

வாக்குப்பதிவுக்கு முதல்நாள் எனக்கு வழி தெரிந்தது. பதிவு செய்தால்தானே வெட்டுவார்கள். நேரலையில் கத்தரிக்கோல் ஏது?

ஆனால் வாக்குப்பதிவு அன்று இரவு பத்து மணிவரை எந்தச் சேனலும் அரசியல் பேசக்கூடாது, இங்கே அதுதான் சட்டம். நாள் முழுக்க நேரத்தை எப்படி ஓட்டுவது? வானிலை சொல்வார்கள், பிறகு வாக்குச்சாவடி வாசலில் கட்டிப்போட்ட நாய்களைக் காட்டுவார்கள். ஓட்டுப் போடவந்தவர் பூனையோடு நின்றாலும் கேமரா திரும்பாது, நாய் வேண்டும். என்னிடம் நாய் இல்லை. டெரிக்கிடம் இருந்தது: மேஜர், எலும்பு தெரியும் வேட்டைநாய். இரவல் கேட்டேன். எதற்கு என்று கேட்டான். ஜனநாயகத்துக்கு என்றேன். கொடுத்தான்.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு, வாக்குச்சாவடியாக்கியிருந்த மெதடிஸ்ட் தேவாலயக் கூடத்தின் வாசலில் மேஜரோடு நின்றேன். அவன் கழுத்தில் என் பச்சை ஸ்கார்ஃப். சிவப்பும் இல்லை, நீலமும் இல்லை, யோசித்துத்தான் கட்டினேன். டோபி அங்கே இருந்தான். மேஜரைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்துவிட்டது. என்னைப் பார்த்தான், அடையாளம் தெரியவில்லை. நாடு முழுக்க என் முகத்தைக் காட்டியவனுக்கு ஒன்பது நாளில் என் முகம் மறந்துபோயிருந்தது. அது எனக்கு ஒரு வகையில் வசதி, இன்னொரு வகையில் வலித்தது.

இன்னும் ஒரு நிமிடத்தில் நேரலை, நாய் பெயர் மட்டும் சொன்னால் போதும் என்றான். சிவப்பு விளக்கு எரிந்தது. குனிந்து மேஜரின் தலையைத் தடவி, பெயர் கேட்டான்.

"இவன் பேரு மேஜர். என் பேரு லோர்னா. போன வாரம் செவ்வாய்க்கிழமை உங்க சேனல்ல, வெளியிலேருந்து வந்தவங்களால ஊரு நாசமாப் போச்சுன்னு நான் சொன்னதாக் காட்டுனீங்க. நான் சொன்னது அதுக்கு நேர் எதிர். முன்னாடியும் பின்னாடியும் வெட்டிட்டீங்க. என் எதிர்க் கடை ரிஃபத் எனக்குச் சிநேகிதி. அவளை வச்சுக்கிட்டு அப்படிப் பேசுற வாய் எனக்குக் கிடையாது."

கட்சி பெயர் இல்லை, வேட்பாளர் பெயர் இல்லை, மூச்சு விட இடைவெளியும் இல்லை. கண்ணாடி முன்னால் இருபது தடவை பழகியது. டோபி காதில் மாட்டியிருந்த கருவியில் யாரோ கத்துவது எனக்கே கேட்டது. அவன் வெளிறிப்போய், வானிலைக்குப் போகலாம் என்றான். பிறகு மைக்கை இறக்கி, என் வேலைக்கே உலை வைத்துவிட்டீர்களே என்று முணுமுணுத்தான். மிச்ச வாக்கியங்களைத் தேடி எடுத்தால் வேலை பிழைக்கும் என்று சொல்லிவிட்டு, மேஜரை இழுத்துக்கொண்டு கிளம்பினேன். கால் தரையில் பாவவில்லை.

சந்தையில் எல்லோரும் பார்த்திருந்தார்கள். மீன் கடைக்காரி கட்டிப்பிடித்தாள். டெரிக் மேஜருக்கு ஒரு முழு ஆட்டுச் சிறுநீரகம் போட்டான். நான் சீஸை அடுக்கினேன், துடைத்தேன், மறுபடி அடுக்கினேன். காதை மட்டும் எதிர்ப்பக்கம் வைத்திருந்தேன். பத்து மணி ஆயிற்று, பன்னிரண்டு ஆயிற்று. திரைச்சீலை அசையவில்லை. இரண்டு மணிக்கு எனக்குப் பொறுக்கவில்லை. இவளுக்காக நாய் பிடித்துக்கொண்டு தெருவில் நின்றிருக்கிறேன், இவள் எட்டிக்கூடப் பார்க்கமாட்டாளா? போய், அந்தப் பழுப்புத் துணியை ஒரே இழுப்பாக விலக்கினேன்.

ரிஃபத் ஒரு பெண்ணுக்குத் துணி அளந்துகொண்டிருந்தாள். அளந்து முடித்து, கத்தரித்து, மடித்துக் கொடுத்து அனுப்பும்வரை என்னைப் பார்க்கவில்லை. நான் நின்றேன்.

டிவி பார்த்தாயா என்று கேட்டேன்.

"பாத்தேன். நல்லாப் பேசின."

"அப்புறம் ஏன்டி இந்தத் துணி?"

அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"அன்னைக்கு ராத்திரி அந்த ஏழு செகண்டைப் பாத்தப்பவே அது உன் பேச்சு இல்லைன்னு எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன், காலைல பாருங்க, லோர்னா கதவு திறக்குறதுக்குள்ள ஓடிவந்து கத்தப்போறான்னு. நீ வரல. கண்டவன் எல்லாம் வந்து உன் கையைக் குலுக்கினான். அதை என்னால பாத்துக்கிட்டு உக்கார முடியல, அதான் துணி. சேனலுக்கு நாலு கடுதாசி போட்டியாமே, டெரிக் சொன்னான். இங்கிருந்து அங்க எத்தனை அடி லோர்னா? நாடு பூரா சொல்லிட்ட. எங்கிட்ட மட்டும் நீ சொல்லவே இல்ல."

இருபத்தாறு வருடத்தில் இந்தச் சந்தையில் என் வாய் அடைத்தது அன்றுதான். அவளையும் டிவி பார்க்கும் கூட்டத்தில் ஒருத்தியாக்கி, சரியான நிகழ்ச்சி வரும்வரை உட்கார வைத்திருந்தேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"நான் அப்படிச் சொல்லல ரிஃபத்," என்றேன். கண்ணாடி முன்னால் பழகாத வாக்கியம், குரல் உடைந்துவிட்டது. "முதல் நாளே வந்திருக்கணும். பயந்துட்டேன். நீ நம்பமாட்டியோன்னு பயந்துட்டேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஓட்டுப் போட்டியா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வாக்குச்சாவடி வாசல்வரை போய், ஊருக்கே உபதேசம் செய்துவிட்டு, உள்ளே போகாமல் திரும்பியிருந்தேன். பதினெட்டு வயதிலிருந்து ஒரு தேர்தலை விட்டதில்லை. இல்லை என்று தலையாட்டினேன். அவள் சிரிக்கவில்லை. தானும் இன்னும் போடவில்லை என்றாள். மழைக்கோட்டை எடுத்து மாட்டி, கடைக் கதவை இழுக்க ஆரம்பித்தாள்.

"அப்போ மன்னிச்சிட்டியா?" என்று கேட்டேன்.

"இல்ல. அதுக்கு நாள் ஆகும். ஓட்டுக்கு நாள் இன்னைக்கு மட்டும்தான். ஏப்ரனை அவுத்துட்டுக் கிளம்பு."

ஏப்ரனை அவிழ்த்து வைத்துவிட்டு, அவள் குடைக்குள் நுழைந்துகொண்டேன்.