அறுபத்தெட்டு புள்ளி இரண்டு

கமருஸ்ஸமானின் உயிரை ஒரு பகலுக்குப் பார்த்துக்கொள்ள நர்ஸ் ஏஜென்சி சொன்ன விலை தொள்ளாயிரம் ரூபாய். அதை எண்ணூற்றைம்பதுக்கு இறக்கியவர் வேறு யாருமல்ல, அந்த உயிருக்குச் சொந்தக்காரரேதான். இதயம் முப்பது சதவீதம்தான் வேலை செய்கிறது என்று எழுதியிருந்த ரிப்போர்ட்டை உப்பளம் பகுதியில் இருந்த ஏஜென்சிக்காரனிடம் நீட்டி, "தம்பி, முழுசா ஓடுற வண்டிக்குத்தான் முழு வாடகை" என்றாராம். அவன் சிரித்தான், சிரித்தவன் தோற்றான். நாற்பது வருஷம் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, மண்டி நடத்திய எழுபத்துநான்கு வயசுக்காரரிடம் போய்ச் சிரிக்கலாமா?

இறங்கிய ஐம்பது ரூபாய், ஏஜென்சி அனுப்பிய நர்ஸ் கார்குழலியின் சம்பளத்திலிருந்துதான் போனது. ஆனாலும் அவளுக்கு அவர்மேல் கோபம் நிலைக்கவில்லை. பாகூரிலிருந்து பஸ் பிடித்து, எட்டு மணிக்கு அவள் முத்தியால்பேட்டை வீட்டுக்குள் நுழையும்போதே, "வா நர்ஸம்மா, இன்னைக்கு இன்னா ரேட்டு?" என்பார். ரேட்டு என்றால் பிரஷர். நூற்று நாற்பது என்று சொன்னால், "நூத்தி முப்பதுக்கு முடிச்சுக்கோ." ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர்தான் என்று டாக்டர் நிர்மலா கட்டிவைத்திருந்த வரம்பில், கடைசி அரை டம்ளருக்கு அவர் பேசுகிற பேரத்தைக் கேட்டால் லாரி லோடு மல்லாட்டை கைமாறுகிறது என்று தோன்றும்.

பேரத்துக்கு அப்பாற்பட்டது ஒன்று இருந்தது: எடை. தினமும் காலை, வெறும் வயிற்றில், மெஷின்மேல் நிற்க வேண்டும். வருகிற எண்ணைக் கார்குழலி நோட்டில் எழுதி, டாக்டருக்கு வாட்ஸப்பில் அனுப்ப வேண்டும். ஒரு வாரத்தில் இரண்டு கிலோ ஏறினால் அது சதையல்ல, இதயம் தள்ளமாட்டாமல் உடம்பில் தேக்கிவிட்ட நீர், தாமதிக்காமல் ஆஸ்பத்திரி. முதல் வாரத்தில் பிரஷர் மாத்திரையின் வேகத்தில் எழுந்து நின்றதும் அவர் தள்ளாடினார். விழுந்து இடுப்பை முறித்துக்கொள்ளப் போகிறாரே என்று, பக்கத்திலிருந்த ஜன்னல் கட்டையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னவள் அவள்தான்.

அந்த வியாழக்கிழமை, அவர் மனைவி நஜீமா உப்பில்லாத கஞ்சியைக் கொண்டுவந்து வைத்தபடி சாதாரணமாகக் கேட்டார். "ஏம்மா, அந்த நாற்காலிக்கு ஒரு மெத்த வாங்கிடலாமா? மூணு நாளா ராத்திரி அதுல உக்காந்தேதான் தூங்குறாரு. படுத்தா முதுகு வலிக்குதாம்."

பிரஷர் பட்டையைச் சுற்றிக்கொண்டிருந்த கார்குழலியின் கை அப்படியே நின்றது. இதய நோயாளி படுக்கையை விட்டு நாற்காலிக்குக் குடிபோனால், காரணம் முதுகாக இருக்காது. நுரையீரலில் நீர் ஏறியவர்களால் மல்லாந்து மூச்சுவிட முடியாது. அவள் நோட்டைப் புரட்டினாள். அறுபத்தெட்டு புள்ளி இரண்டு. முந்தைய நாளும் அதேதான், அதற்கு முந்தைய நாளும். எட்டு நாளாக, அவளுடைய அழகான கையெழுத்தில், ஒரே எண். சாப்பிட்டு, குடித்து, வேர்த்து, வெளிக்குப் போகிற மனித உடம்பு எட்டு நாள் நூறு கிராம்கூட ஆடாமல் இருக்குமா? கால் வீங்கியிருந்ததையும் அவள் பார்த்திருந்தாள். பிரஷர் மாத்திரைக்கும் கால் வீங்கும் என்று டாக்டர் எப்போதோ சொன்னதைச் சாக்காக்கி மனசைச் சமாதானப்படுத்தியிருந்தாள்.

"ஐயா, இன்னொரு தடவ மெஷின்ல ஏறுங்க."

"இப்பத்தானே ஏறி எறங்கினேன்? ஒரு சரக்குக்கு ரெண்டு எடையா?"

"ஏறுங்க ஐயா."

ஏறினார். வலது கை தானாக ஜன்னல் கட்டைக்குப் போனது. அறுபத்தெட்டு புள்ளி இரண்டு.

"கைய எடுங்க."

"தல சுத்தும். நீதானே புடிச்சுக்கச் சொன்ன?"

"புடிச்சுக்கத்தான் சொன்னேன். ஊனிக்கச் சொல்லல. நான் பக்கத்துலயே நிக்கறேன், எடுங்க."

அவர் அவளையே பார்த்தார். சரக்கில் கைவைத்துப் பார்த்துவிட்ட வாடிக்கையாளரைப் பார்ப்பதுபோன்ற பார்வை. பிறகு சுண்டுவிரலை மட்டும் தூக்கினார். எண் அறுபத்தொன்பதாயிற்று. மோதிர விரல், எழுபது. விரல் விரலாக விலை ஏறியது. கடைசியில் கட்டைவிரலும் மரத்தை விட்டபோது, திரையில் எழுபத்திரண்டு புள்ளி ஒன்று நின்று மினுக்கியது.

"அல்லாவே," என்று நஜீமா வாயைப் பொத்திக்கொண்டார்.

நான்கு கிலோ. நான்கு லிட்டர் நீரைச் சுமந்துகொண்டு இந்த மனுஷன் அவளிடம் ரேட்டு கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"எங்க கத்துக்கிட்டீங்க இத?" அவரை நாற்காலியில் உட்காரவைத்தபடி கேட்டாள்.

"மண்டியில. வாங்குற மூட்டைக்கு அடியில முட்டிய குடுத்தா எடை கம்மியாக் காட்டும்."

"உங்க மண்டியில கொண்டாந்து போட்ட எங்கப்பா மல்லாட்டை மூட்டைக்கும் இப்பிடித்தான் குடுத்தீங்களா?"

"சேச்சே. நான் குடுத்ததில்ல." மூச்சு வாங்கினார். "குடுத்தவன பாத்திருக்கேன். சரி, ரெண்டு தடவ. அதுக்குமேல எறங்காது."

வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள். விரல் நுனியில் ஆக்ஸிஜன் மெஷினை மாட்டினாள். தொண்ணூற்று மூன்று. பிரஷர் நூற்று எழுபது.

"ஏன் ஐயா?"

"போன தடவ ஆஸ்பத்திரியில கைய கட்டிட்டாங்க. குழாய புடுங்குறேனாம். வாயில குழாய், பேச முடியாது. தண்ணின்னு கையாலயாவது கேக்கலாம்னா கையும் கட்டிலோட. ஆறு நாளு." இரண்டு மணிக்கட்டுகளையும் மாற்றி மாற்றித் தடவிக்கொண்டார். "நான் கைய வெச்சுப் பொழச்சவன் நர்ஸம்மா."

கார்குழலி போனை எடுத்தாள். நஜீமா அவள் முழங்கையைப் பிடித்தார். "அம்மா, எட்டு நாளும் தப்புன்னு சொன்னா உன் வேலைக்கு ஒல வெச்சிருவாங்களே."

"அதான் நானும் சொல்றேன்," என்றார் அவர். "இன்னைக்குத்தான் ஏறுச்சுன்னு சொல்லு. பழைய சரக்க எதுக்குக் கிண்டுற?"

சொல்லிவிடலாம்தான். ஒரே நாளில் நான்கு கிலோ என்று சொன்னால் நம்புவதற்கு டாக்டர் ஒன்றும் ஏஜென்சிக்காரன் அல்ல. நம்பிவிட்டால் இன்னும் மோசம், இல்லாத ஒரு நோய்க்கு மருந்து எழுதுவார். அவள் சமையல்கட்டுப் பக்கம் போய், சுவரைப் பார்த்துக்கொண்டு, நடந்ததை நடந்தபடி சொன்னாள். டாக்டர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"எட்டு நாளும் நீங்க பக்கத்துல நின்னு பாக்கலையா?"

"பாத்தேன் மேடம். நம்பரத்தான் பாத்தேன். கைய பாக்கல."

டாக்டர் திட்டவில்லை, அதுதான் அதிகமாக உறைத்தது. நீர் இறங்கும் மாத்திரை இப்போதே இரண்டு மடங்கு. அரை மணிக்கொரு தரம் பிரஷரும் ஆக்ஸிஜனும். மதியம் இரண்டு மணிக்குள் எண்ணூறு மில்லி சிறுநீர் இறங்க வேண்டும். ஆக்ஸிஜன் தொண்ணூறுக்குக் கீழே போனாலோ, எண்ணூறில் குறைந்தாலோ, ஒரு நிமிஷம்கூட வீட்டில் வைத்திருக்கக் கூடாது. "இந்தத் தடவ அளவ நீங்களே எடுங்க. மத்தத அப்புறம் பேசிக்கலாம்," என்று போனை வைத்தார்.

ஒன்பதே காலுக்கு மாத்திரை விழுங்கினார். பத்தே காலுக்கு முதல் வரவு. அளவுக் குவளையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள் கார்குழலி.

"இருநூத்திப் பத்து."

"குனிஞ்சு பாரு. இருநூத்தி முப்பது இருக்கும்."

"இருநூத்திப் பத்து ஐயா."

பதினொன்றரைக்கு நூற்றுத் தொண்ணூறு. நானூறு ஆகிவிட்டது, சரிபாதி வந்தாயிற்று என்று மூன்று பேருக்கும் முகம் தெளிந்தது. "பாத்தியா, மதியத்துக்கு மேல போணி சூடு புடிக்கும்," என்றார். ஆனால் மதியத் தொழுகைக்கான லுஹர் பாங்கு சொல்லி முடிந்தபோது குவளையில் நூற்று அறுபதுதான் இருந்தது. அதற்குப் பிறகு அவர் பேசுவதைக் குறைத்துக்கொண்டார். ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் ஒரு மூச்சு செலவானது. மூச்சைச் சேமித்தார். நஜீமா ஒரு துணிப் பையில் லுங்கி, பல்செட் டப்பா, தஸ்பீஹ் மணிமாலை எல்லாவற்றையும் எடுத்துவைத்து, கணவர் கண்ணில் படாமல் கதவுக்குப் பின்னால் சாய்த்தார். அவர் கண்ணில் அது உடனே பட்டது.

ஆக்ஸிஜன் தொண்ணூற்றிரண்டு. மறுபடி தொண்ணூற்றிரண்டு. தொண்ணூற்றொன்று. மெஷின் எண்ணை மாற்றும் ஒவ்வொரு முறையும் கார்குழலி தன் மூச்சையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். எட்டு நாளில் எந்த நாள் கவனித்திருந்தாலும் இவ்வளவு தூரம் வந்திருக்காது. முதல் நாள் அரை கிலோவில் ஒரு மாத்திரையோடு முடிந்திருக்கும்.

ஒன்று முப்பத்தைந்துக்கு அவர் பாத்ரூமிலிருந்து வந்தார், சுவரைப் பிடித்துக்கொண்டு. குவளையை அவளிடம் கொடுத்துவிட்டு, அவள் முகத்தைப் படித்தார்.

"எவ்ளோ?"

"நூத்தி இருபது."

"கொசுறு போட மாட்டியா?"

"இதுக்குக் கொசுறு கெடையாது ஐயா."

நஜீமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவர் கையமர்த்தினார். நாற்காலியில் மெல்ல உட்கார்ந்து, இரண்டு கைகளையும் மடியில் மலர்த்தி வைத்துக்கொண்டார். "அங்க போனா கட்ட வேணாம்னு நீ எழுதிக் குடுப்பியா? நீ எழுதுனா கேப்பாங்களா?"

"எழுதிக் குடுக்கறேன். கேப்பாங்களான்னு தெரியல."

"ரெண்டு மணிக்கு நேரம் இருக்குல்ல இன்னும்?"

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு நோட்டைப் பிரித்து, புதுப் பக்கத்தில், வழக்கமான அழகான கையெழுத்து வராமல், எழுதினாள்:

வேண்டியது 800. இறங்கியது 210, 190, 160, 120. ஆக 680. பாக்கி 120. மணி 1.41.