மார்லூஸ் வைத்த முட்கரண்டி

1

கோழியிறைச்சிப் பொட்டலமொன்றின் மேல் ஒட்டியிருந்த வாசகத்திலிருந்தே இக்கதை பிறந்தது என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். ‘நன்றாக வேகவைத்து உண்ணவும்’ என்றிருந்தது. அக்கறையென்றே தோன்றியது, மறுமுறை படித்தபோது சினம் மூண்டது. உள்ளே என்ன இருக்கக்கூடும் என்பது விற்பவருக்குத் தெரியும். அதைக் கொல்லும் பொறுப்பு மட்டும் வாங்குபவருடையது.

2

தொடக்கம்: ‘டெவென்டர் நகரில் மார்லூஸ் என்றொரு கவனக்குறைவான பெண்…’

இல்லை. (அடித்துவிட்டேன், ஆயினும் அடித்த வரி தெரியட்டும்.)

வேறு தொடக்கம்: கிறிஸ்துமஸின் இரண்டாம் நாள், மார்லூஸின் வீட்டுக்குத் தங்கை ஃபெம்கேயும் அவள் கணவன் யோரிஸும் விருந்துக்கு வந்திருந்தனர். மேசை நடுவே மின்னடுப்பு, ஆளுக்கொரு கையகலச் சட்டி, தட்டு நிறையப் பச்சைக்கோழித் துண்டுகள். எங்கள் ஊர்ப் பண்டிகை விருந்தில் அவரவர் கறியை அவரவரே வாட்டிக்கொள்ள வேண்டும்.

“விருந்துக்குக் கூப்பிட்டுட்டு எங்களையே சமைக்க விடுறீங்களே அக்கா” என்று சீண்டினான் யோரிஸ்.

“உங்க சமையலை நீங்களே தின்னாத்தான் ஃபெம்கே படுற பாடு தெரியும்” என்றாள் மார்லூஸ்.

3

அடுத்த வாரம் யோரிஸ் மருத்துவமனையில் கிடந்தான். கோழியில் வந்த கிருமி இரத்தத்தில் கலந்திருந்தது. கொடுத்த மருந்து பலிக்கவில்லை. மாற்றிக் கொடுத்ததும் பலிக்கவில்லை. இனி ஒன்றே எஞ்சியிருக்கிறது என்றார் மருத்துவர்.

(அடிக்குறிப்பில் வைக்கவேண்டியதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். யோரிஸ் அம்மருந்துகளை அதுவரை தொட்டதேயில்லை. அவற்றைக் குடித்தவை கோழிகள். கொட்டகையில் சில நோயுற்றாலும் எல்லாவற்றுக்கும் தண்ணீரில் கலந்து கொடுப்பார்கள். அங்கே சாகாமல் பழகிய கிருமியே கடைக்கு வந்தது.)

நடைவழியில் ஃபெம்கே அக்காவை மறித்தாள்.

“பச்சைக்கறியை எடுக்கத் தனி முட்கரண்டி வச்சியா, இல்ல தின்னுற முட்கரண்டியாலேயே எடுத்தோமா?”

“வச்சேன்னுதான்…” மார்லூஸுக்கு நினைவில்லை.

“உன் வீட்டு மேசையிலதானே சாப்பிட்டார்?”

4

இவ்விடத்தில் என் எழுத்தே என்னைக் காட்டிக்கொடுத்தது. ஒவ்வொரு வரைவிலும் நானும் அந்த முட்கரண்டியையே தேடினேன். ஒரு வரைவில் அது இருந்தது. இன்னொன்றில் மார்லூஸ் எடுத்துவைக்க மறந்தாள். ஒரு பெண், ஒரு மேசை, ஒரு மறதி: எழுதுவதற்கு எவ்வளவு எளிது. கொட்டகைக்கோ முகமில்லை. தண்ணீரில் மருந்தைக் கலக்க ஒப்புதல் தந்தவரும் கதைக்குள் வருவதில்லை. அவர் தம் மேசையில் நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். குற்றவாளியைச் சமையலறையில் தேடும் வேலையைக் கதையாசிரியனும் செய்துகொடுக்க வேண்டுமா?

மறந்துபோன முட்கரண்டிக்கு வயிற்றுவலி தண்டனையாகலாம். உயிரைத் தண்டனையாக்கியவர் யார்?

5

முடிவு ஒன்று: யோரிஸ் பிழைக்கிறான், ஃபெம்கே அக்காவைக் கட்டிக்கொண்டு மன்னிக்கிறாள். வாசகர் கண்கலங்குவர். இதை எழுத மறுக்கிறேன். மன்னிப்பு வழங்கப்பட்டால், குற்றம் மார்லூஸுடையது என்று தீர்ப்பாகிவிடும்.

முடிவு இரண்டு: யோரிஸ்…

எழுத மனமில்லை.

மார்லூஸ் தொற்றைத் தடுக்கும் மஞ்சள் மேலங்கி அணிந்து தனியறை வாசலில் நிற்கிறாள். உள்ளே கடைசி மருந்து சொட்டுச்சொட்டாக இறங்குகிறது. ஃபெம்கே திரும்பிப் பார்க்கிறாள். “அக்கா…” என்கிறாள்.

மிச்சத்தை நீங்கள் எழுதுங்கள். ‘மன்னிச்சிட்டேன்’ என்ற சொல்லை மட்டும் அவள் வாயில் வைத்துவிடாதீர்கள்.