கலங்கல்மேல் அடுக்கிய மூட்டைகள்

மூன்று வருஷம் வானம் எங்களை ஏமாற்றியது. நான்காவது வருஷம் ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தது. யாரைப் பிடித்துத் திட்டுவது? மேகத்தைத் திட்டினால் நம் தொண்டைதான் வறளும்.

எங்கள் ஊர் கவரைப்பேட்டைக்கு மேற்கே. ஒரே ஒரு ஏரி, ஊர் நிலமெல்லாம் அதை நம்பித்தான். ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகிற இடம் கலங்கல். காய்ந்து கிடந்த பயத்தில், ஆவணியில் முதல் மழை விழுந்ததுமே கலங்கல்மேல் மணல் மூட்டைகளை மார்பளவுக்கு அடுக்கினோம். ஒரு சொட்டுகூட வெளியே போகக் கூடாதாம். ஊரே கூடிச் செய்த புத்திசாலித்தனம்.

கலங்கலுக்குக் கீழே முதல் நிலம் எங்களுடையது. முக்கால் ஏக்கர். என் மனைவி கெங்கம்மாளுக்கு அவள் அப்பா எழுதிக் கொடுத்தது. மழை இல்லாத வருஷங்களில் அவள் கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்புக் கம்பெனியில் கூட்டிப் பெருக்கினாள். பாக்கியராஜ் ஓட்டுகிற வேனில் விடியுமுன் ஏறிப் போவாள், இருமிக்கொண்டே திரும்புவாள். இந்த வருஷம் பயிர் பச்சைப்பசேலென்று எழுந்ததும் வேலையை விட்டுவிட்டாள்.

"இந்த வெள்ளாம மட்டும் ஊடு வந்து சேரட்டும். அந்தக் கம்பெனி பக்கம் தல வெச்சுக்கூடப் படுக்க மாட்டேன்யா" என்றாள்.

கார்த்திகையில் கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் மழையும் பிடித்துக்கொண்டது. விடவே இல்லை. ஒரு மத்தியானம் ஏரிக்கரையில் மண் சரிந்தது. மதகு பார்க்கிற ஆசீர்வாதம் சேறும் சகதியுமாக ஓடி வந்தான்.

"அப்பாவு அண்ணே, கரை தாங்காது. மூட்டைய எடுத்தாவணும். இல்லாங்காட்டி ஊரே பூடும்."

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. கலங்கலைத் திறந்தால் யார் நிலம் முதலில் முழுகுமோ, அவர்தான் முதல் கை வைக்க வேண்டும். பிற்பாடு சண்டை வரக் கூடாதென்று எவனோ யோசித்து வைத்தது. நன்றாக யோசித்தான், மகராசன்!

"அடுக்கறப்போ மட்டும் ஊரே வந்தீங்க. எடுக்கறதுக்கு நாங்களா? இன்னா நியாயம்டா இது?" என்று கரையில் நின்று கத்தினேன்.

எல்லோருடைய வயலிலும் கதிர் இருந்தது. எல்லோருக்கும் பிள்ளை குட்டி இருந்தது. அது எனக்கும் தெரியும் என்பதுதான் பெரிய எரிச்சல்.

"கத்தாதய்யா. கத்துனா கரை நின்னுக்குமா?" என்றாள் கெங்கம்மாள்.

சேலையை வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினாள். ஓரத்து மூட்டையை இரண்டு கையாலும் இழுத்துத் தள்ளினாள். அதற்கப்புறம்தான் ஆம்பளைகள் பாய்ந்தார்கள். தண்ணீர் இரைந்துகொண்டு எங்கள் நிலத்தில் இறங்கியது. கொஞ்ச நேரத்தில் மேட்டு ஓரம் தவிர, பயிர் இருந்த இடமே தெரியவில்லை. கரை நின்றுவிட்டது. ஊர் பிழைத்தது.

திரும்பிப் பார்த்தால் இவள் அரிவாளோடு தண்ணீருக்குள் நிற்கிறாள். மேட்டு ஓரத்தில் இன்னும் முழுகாத கதிரைப் பச்சையாகவே அறுத்துக்கொண்டிருந்தாள்.

"ஏய், மேல வாடி! அடிச்சிகினு பூடும்!"

"மாடாச்சும் தின்னட்டும்யா."

"உனுக்கு இன்னா பைத்தியமா?"

"மூணு வருசம் மழ வரலன்னு அழுதேன். இப்போ வந்துட்ச்சி. இதுக்கும் அழுவணுமா? போய்யா!"

அவள் அழவில்லை. எனக்குத்தான் கண் நிறைந்துவிட்டது. மழையில் அது யாருக்கும் தெரிந்திருக்காது.

ஒரு கட்டு தேறியது. மேலே ஏறி வந்து அதை என்னிடம் நீட்டினாள். மூச்சு வாங்கியது, இருமினாள். என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

"பாக்கியராஜ் ஊட்டுக்குப் போய், நாளைக்கி வேன்ல எடம் இருக்கான்னு கேட்டுகினு வந்துடு."

நான் வேறென்ன சொல்ல? சரி என்றேன்.