உதட்டுக் கயிறு

ஆயுத பூஜை அன்று சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டில் ஒரு பஸ்ஸும் கிளம்புவதாக இல்லை. எல்லா பஸ்ஸுக்கும் முகப்பில் வாழைக்கன்று, கண்ணாடி முழுக்கச் சந்தனம், டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம். ஹெண்ணூர் பஸ்ஸின் டிரைவர் பூசணிக்காயை வைத்துக்கொண்டு கண்டக்டருக்காகக் காத்திருந்தார். கண்டக்டர் சூடம் வாங்கப் போயிருந்தார். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். பூஜையின் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. முந்தின நாள் லாயத்தில் சேணங்களையெல்லாம் துடைத்து, பித்தளை பக்கிள்களைப் புளி போட்டுத் தேய்த்து, பூஜைக்கென்று வரிசையாக அடுக்கி வைத்தவளே நான்தான். என் கவலையெல்லாம் பேபியைப் பற்றியது.

ஹெண்ணூர் தாண்டி, தைலமரத் தோப்பை ஒட்டி இருந்தது கோவிந்தப்பாவின் குதிரையேற்றப் பள்ளி. அங்கே குதிரைகளைப் பழக்குவது என் வேலை. பேபி ரேஸில் ஓடிக் கழித்துவிடப்பட்டு, பல கை மாறி, வெயில் காலத்தில் எங்களிடம் வந்த செம்பழுப்புப் பெட்டைக் குதிரை. எந்த ஊர் லாயத்திலோ எந்தப் புண்ணியவானோ அவளை அடக்குவதற்காகக் காதைப் பிடித்து முறுக்கியிருக்கிறான். காதுப் பக்கம் ஒரு கை போனால் போதும், பின்னங்காலில் எழுந்து நிற்பாள். காதைத் தொட விடாத குதிரைக்குக் கடிவாளம் மாட்ட முடியாது. கடிவாளம் இல்லாவிட்டால் சவாரி வகுப்பு இல்லை. தீபாவளிக்குள் தேறாவிட்டால் கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிறவனிடம் கொடுத்துவிடப்போவதாகக் கோவிந்தப்பா சொல்லியிருந்தார். பேண்டு, பட்டாசு, இரண்டு பக்கமும் ட்யூப்லைட், குடித்துவிட்டு ஆடுகிற கூட்டம். அங்கே போய் அவள் ஒரு தரம் எழுந்து நின்றால், அடித்தே முடமாக்கிவிடுவார்கள்.

அதனால்தான் நான் அவசரப்படவில்லை. காலையில் முதலில் காய்ந்த புல், தண்ணீர். பிறகு குளம்பைத் தூக்கி மண்ணையும் கல்லையும் நோண்டி எடுப்பது. பிறகு உடம்பு தேய்ப்பது. தேய்க்கிற சாக்கில் என் கை கழுத்தில் மேலேறும். அவள் மிரளுவதற்குச் சற்று முன்னால் நானே கையை எடுத்துவிடுவேன். அந்தச் சற்று முன்னால் என்பது எது என்று கண்டுபிடிக்கவே மாதக்கணக்கில் ஆனது. அவள் பெருமூச்சு விட்டு, வெறும் வாயை மெல்லும்வரை நிற்பேன், பயம் இறங்கியதற்கு அதுதான் அடையாளம்; பிறகு மறுபடி முதலிலிருந்து. காது வழிக்கு வரும்வரைக்கும் கடிவாளத்தின் வார்களைக் கழற்றி, காதில் படாமல் கழுத்தைச் சுற்றிக் கொண்டுவந்து பூட்டினேன். நடுவில் மழைக்காலம் வந்து போனது. போன வாரம் ஒரு காலையில் என் உள்ளங்கைக்குள் அவள் காது முழுசாக வந்து அடங்கியது. சூடாக இருந்தது. வீட்டில் அதைச் சொல்லி அழுதபோது, ஒரு குதிரையின் காதைத் தொட்டதற்கா இந்த ஆர்ப்பாட்டம் என்று அம்மா கேட்டாள்.

பூஜையன்று பேபியை மட்டும் விட்டுவிடுங்கள் என்று எல்லோரிடமும் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். தூரத்திலிருந்து சூடம் காட்டுங்கள், அது போதும். நெற்றியில் பொட்டு வேண்டாம், மாலை வேண்டாம், முக்கியமாகப் பொங்கல் வேண்டாம். புல் தின்கிற வயிற்றில் வெந்த சோறும் வெல்லமும் போனால் புளித்துப் பொங்கும், குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. கோவிந்தப்பா சரி சரி என்றார். வெங்கடசாமி அண்ணன் எல்லோருக்கும் முன்னால் தலையாட்டினார். அவர்தான் பேபிக்குத் தீனி வைக்கிற ஆள், ஒக்கலிபுரத்திலிருந்து விடியும் முன் சைக்கிளில் வந்துவிடுவார். பெற்ற பிள்ளையிடம்கூட அவ்வளவு பேசியிருக்க மாட்டார், அவளிடம் அவ்வளவு பேசுவார். அவர் தலையாட்டியதை நம்பித்தான் முந்தின நாள் நான் பஸ் ஏறினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வாசலில் பூசணிக்காய் சிதறிக் கிடந்தது. பேபி தன் கொட்டடியின் கடைசி மூலையில் நின்றாள். கழுத்தில் தலைவழியாகப் போட்ட சாமந்தி மாலை, நெற்றியில் உள்ளங்கை அகலத்துக்குக் குங்குமம். மேலுதடு வீங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் என்ன செய்திருக்கிறார்கள் என்று புரிந்துவிட்டது. ஒரு குச்சியின் நுனியில் கயிற்று வளையம் கட்டி, அதற்குள் குதிரையின் மேலுதட்டைப் பிடித்துவிட்டுக் குச்சியைத் திருகினால், எப்பேர்ப்பட்ட குதிரையும் கல்லாக நின்றுவிடும். வலியில் நிற்பதைப் பணிவு என்று நினைத்துக்கொள்கிற ஆட்கள் கண்டுபிடித்த கருவி இந்த உதட்டுக் கயிறு. திருகிப் பிடித்தவர் கோவிந்தப்பா. மாலை போட்டுப் பொட்டு வைத்தவர் வெங்கடசாமி அண்ணன். அவர் கையில் இருந்த பொங்கல் வாளி பாதிக்கு மேல் காலியாக இருந்தது. நெய் வாசனை கொட்டடி வரைக்கும் வந்தது.

"வருஷத்துக்கு ஒரு நாளு யூனிஸம்மா," என்றார் அவர். "எல்லாத்துக்கும் வச்சிட்டு அதுக்கு மட்டும் வெக்காம எப்பிடி வுடறது? ஆசையா துன்னுச்சும்மா."

மாதக்கணக்கான என் வேலையை ஒரு காலையில் குப்பையில் போட்டுவிட்டீர்களே என்று கத்தினேன். குப்பை கூட்டிக்கொண்டிருந்தவர்கள் நின்று பார்த்தார்கள். கோவிந்தப்பா வேட்டியைத் தட்டிக்கொண்டு நிதானமாக வந்தார்.

"ஏனம்மா, இப்ப என்ன ஆயித்து? நீ சர்ச்சுக்குப் போறவ. உனக்கு இதெல்லாம் தெரியாது, விடு."

"நான் சாமியப் பத்தி பேசல சார். குதிரையோட வயித்தப் பத்தி பேசறேன்."

அவர் சிரித்தார். ஆறு வருஷமாக அந்தப் பொங்கலை இலை போட்டுத் தின்றவள் நான். வெந்த சோறு ஆகாது என்று சொன்னால் அதுகூட என் ஞானஸ்நானத்தில் போய் முடிகிறது. நான் என்ன சொன்னாலும் இனி அங்கேதான் போய் முடியும் என்று அப்போது தெரிந்தது. அந்த ஆத்திரத்தோடு குதிரையிடம் போகக் கூடாது என்பதால் வெளியிலேயே நின்றேன்.

மத்தியானம் பேபி முன்னங்காலால் தரையைப் பறிக்க ஆரம்பித்தாள். திரும்பித் திரும்பித் தன் விலாவையே பார்த்தாள். படுத்தாள், எழுந்தாள், மறுபடி படுக்கப் பார்த்தாள். விலாவில் காதை வைத்துக் கேட்டேன். எப்போதும் தண்ணீர் ஓடுகிற மாதிரி சத்தம் கேட்கிற இடத்தில் ஒன்றுமே கேட்கவில்லை. ஈறு வெளுத்து, கழுத்து வேர்த்து ஒழுகியது. புரண்டால் குடல் முறுக்கிக்கொள்ளும் என்று பயந்து நானும் வெங்கடசாமி அண்ணனும் மாறி மாறி அவளை நடக்க வைத்தோம். கோவிந்தப்பா ஆபீஸ் ரூமில் போனைச் சுழற்றிக்கொண்டே இருந்தார். பண்டிகை நாள், எந்த டாக்டரும் வீட்டில் இல்லை. கடைசியாக ஒருவர் ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது.

டாக்டர் நாடியைப் பார்த்தார், முகம் மாறியது. வயிறு பலூன் மாதிரி ஊதியிருக்கிறது, மூக்கு வழியாகக் குழாய் விட்டு உள்ளே இருப்பதை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் வெடித்துவிடும் என்றார். மயக்க ஊசி போடச் சொன்னேன். இதயம் இப்படி ஓடும்போது போட்டால் அப்படியே விழுந்துவிடும் என்று மறுத்தார். மூன்று தரம் குழாயைக் கிட்டே கொண்டுபோனார், மூன்று தரமும் அவள் எழுந்து நின்றாள். மூன்றாவது தரம் அவள் கால் அவர் தோளை உரசிக்கொண்டு போனது.

"உதட்டுக் கயிறு இருக்கா?" என்றார். "கை நடுங்காத ஆள் ஒருத்தர் பிடிக்கணும். பாதியில விட்டா மூக்கு உள்ளாற கிழிஞ்சிடும்."

வெங்கடசாமி அண்ணன் துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். கோவிந்தப்பா குச்சியை எடுத்துக்கொண்டு வந்தார். வலது கையால் நீட்டி, கண்ணை வேறெங்கோ வைத்துக்கொண்டு. காலையில் இவர் திருகிய திருகு எப்படி இருந்தது என்று அவள் உதட்டில் எழுதியிருந்தது. இன்னொரு முறை இவரிடம் கொடுக்க முடியாது. வேறு யாரிடமும் கொடுக்க முடியாது. குச்சியைப் பிடுங்கிக்கொண்டேன்.

அவள் என்னைப் பார்த்ததும் தலையைத் தாழ்த்திக் கொடுத்தாள். நான் வந்தால் நல்லதுதான் நடக்கும் என்று அவளுக்கு நானே சொல்லிக் கொடுத்திருந்தேன். அந்தத் தாழ்ந்த தலையில், வீங்கிய உதட்டில், வளையத்தைப் போட்டுத் திருகினேன். அவள் உடம்பு முழுக்க ஒருமுறை அதிர்ந்து நின்றுபோனது. கண் என் முகத்துக்கு நேராக இருந்தது, அதன் வெள்ளை தெரிந்தது. டாக்டர் குழாயை உள்ளே விட்டார். நான் பிடியைத் தளர்த்தவில்லை. இந்தக் கட்டிடத்தில் இருக்கிற ஒவ்வொருவரையும் மனசுக்குள் பெயர் சொல்லித் திட்டிக்கொண்டே பிடித்திருந்தேன். குழாயின் மறு நுனியிலிருந்து காற்று சீறிக்கொண்டு வந்தது, பின்னால் புளித்த வெல்ல வாடையோடு சோறும் தண்ணீரும். வாளி நிறைந்தது. வெங்கடசாமி அண்ணன் அதைப் பார்க்க முடியாமல் வெளியே போனார்.

இருட்டுவதற்குள் அவள் சாணி போட்டாள். பிழைத்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். இனி கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடிக்க வேண்டும், குடித்தால் கவலையில்லை, குடிக்காவிட்டால் திரும்ப ஆள் அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை உதைத்தார். தீபாவளி வரை டைம் இருக்கில்ல, பார்த்துக்கலாம் என்றார் கோவிந்தப்பா. அதை ஆறுதலாகத்தான் சொன்னார் போலிருக்கிறது. கையிலிருந்த வாளியை அவர் முகத்தில் கவிழ்க்கலாம் போல இருந்தது, ஆனால் வாளியில் இருந்தது பேபிக்கு வைக்க வேண்டிய தண்ணீர்.

வெங்கடசாமி அண்ணன் ஈரத்துணியோடு உள்ளே போய் அவள் நெற்றிக் குங்குமத்தைத் துடைத்தார். ஏதோ முணுமுணுத்துக்கொண்டே துடைத்தார், மூக்கை உறிஞ்சிக்கொண்டார். அவள் நின்று கொடுத்தாள். துணி காதோரம் போனபோதும் நின்று கொடுத்தாள். நான் வாளியை அரைக்கதவின் உள்பக்கம் கொக்கியில் மாட்டிவிட்டு, பேபி, வா என்று கூப்பிட்டேன். அவள் பின்சுவரோடு போய் ஒட்டிக்கொண்டாள். காதுகள் கழுத்தோடு மடங்கிப் படிந்தன. நாக்கு வறண்டு, வாளியையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஆனால் வரவில்லை.

"நீ கொஞ்சம் தள்ளி நில்லும்மா," என்றார் வெங்கடசாமி அண்ணன், என்னைப் பார்க்காமல்.

நான் கதவிலிருந்து கையை எடுத்தேன். ஓரடி பின்னால் வைத்தேன். அவள் அசையவில்லை. முற்றத்தின் நடுவுக்குப் போனேன், சிதறிக் கிடந்த பூசணித் துண்டு ஒன்று காலடியில் நசுங்கியது. அப்போதும் அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். வேலியைத் தாண்டினேன். முதுகு தைலமரத்தில் முட்டியபோதுதான் அவள் மெதுவாக நடந்து வந்து, வாளிக்குள் மூக்கை விட்டாள்.